சிவப்புப் பொட்டுக் குடுவைகள்

முதலில் என் சட்டையைப் பாருங்கள். கிட்டே வந்தே பார்க்கலாம், நான் வெட்கப்பட மாட்டேன். வயிற்றுப் பக்கம் நாலு ஓட்டை, வலது கையில் ஒன்று. பூச்சி அரித்ததில்லை. புதிதாக லேபில் சேர்ந்திருக்கிற உங்களிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் பெட்டியின் அடியிலிருந்து இதைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டேன். "ஓட்டைக்கு இஸ்திரி! ஊர்ல சொன்னா சிரிப்பா" என்று ஆத்துக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அது ஒன்றும் புதிதில்லை. நான் லேபில் வேலை பார்த்த முப்பது வருஷமும் என் சட்டைகளைப் பார்த்து அவள் அடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஓட்டை போட்டது குரோமிக் ஆசிட். உங்களில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள், கொடுத்துவைத்தவர்கள். டைகுரோமேட் உப்பைக் கெட்டியான கந்தக அமிலத்தில் கரைத்தால் கருஞ்சிவப்பாக, நல்லெண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஒரு திரவம் வரும். கண்ணாடிக் குடுவையை அதில் முக்கி எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு, ரத்தக் கறை, போன வாரத்துப் பாவம் எல்லாம் போய்விடும். ஒரு சொட்டு தெறித்தால் சட்டையும் போய்விடும். அந்தக் காலத்தில் நான் கேள்விப்பட்ட எல்லா லேபிலும் அதில்தான் கழுவினார்கள். குரோமியம் என்கிற உலோகம் அதற்குள் தாராளமாகக் கிடக்கிறது. பெயரிலேயே இருக்கிறது, பாருங்கள். ஜாடியின் மேல் கொட்டை எழுத்தில் அந்தப் பெயரை எழுதி ஒட்டியவனே நான்தான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே நாலு மாதம் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சி லேபில் நான் டெக்னீஷியன். வீடு கரமனை அக்ரஹாரத்தில். காலையில் ஆற்றில் ஒரு முழுக்கு, நெற்றியில் விபூதி, கையில் சாப்பாட்டுப் பை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு. கண்ணாடி கழுவுவதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். எண்ணம் என்ன எண்ணம், கர்வம் என்றே சொல்லிவிடலாம். நான் கழுவிய குடுவையில் தண்ணீர் விட்டுக் கவிழ்த்தால் ஒரு துளி ஒட்டாது. பக்கத்து டிபார்ட்மெண்டுக்காரர்கள் வந்து, "மணி ஸ்வாமி கழுவினது உண்டோ?" என்று கேட்டுக் கடன் வாங்கிப் போவார்கள். நானும் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன் மாதிரி பத்திரம் சொல்லி அனுப்புவேன்.

இந்தக் கதை என்னுடையது இல்லை. டீச்சருடையது. பெயர் சொன்னால் இந்த வயதிலும் அவர் என்னைத் திட்டுவார், ஆகையால் டீச்சர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பெண். அந்தப் பக்கம் ஒரு சின்னக் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், டாக்டர் பட்டத்துக்காக லீவு வாங்கிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தார். என்னைவிட இளையவர். முதலில் எடுத்த ஆராய்ச்சி ஒரு வருஷம் ஓடி ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டாவதாக எடுத்ததுதான் குரோமியம். மார்ச் முப்பத்தொன்றோடு லீவு முடிகிறது. அதற்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும்.

"கொடுக்காட்டா என்ன ஆகும் டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன ஆகும்? திரும்பிப் போய்ப் பழைய நோட்ஸையே வாசிச்சுண்டு நிக்கணும். அங்கே லேபும் கிடையாது, எலியும் கிடையாது. இன்னொரு தடவை லீவு தரவும் மாட்டா. அதோட தீர்ந்துது மணியண்ணா."

அவருக்கு ஒரு பெண் குழந்தை. அம்மாவிடம் பாலக்காட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். வாராவாரம் கார்டு போகும், கார்டு வரும். குழந்தை எழுத்துக் கற்றுக்கொண்டதும் கார்டின் மூலையில் தானே ஒரு வரி எழுதியது: "அம்மா எலி எப்போ தீரும்". அந்தக் கார்டை டீச்சர் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். பக்கத்தில் போகிற போதெல்லாம் எனக்கு அது கண்ணில் படும். என் பெண்ணும் அப்போது அந்த வயதுதான். அவளை ஒரு வாரம் பார்க்காமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆராய்ச்சி இதுதான். சாப்பிடுகிற சர்க்கரை ரத்தத்தில் ஓடுகிறது. அதில் பெரிய பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசை. இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் அது தாராளமாக இழுக்கும். சில பேருக்கு இன்சுலின் தட்டினாலும் தசைக்குக் காது கேட்பதில்லை. இம்மியளவு குரோமியம் கூட இருந்தால் அந்தத் தட்டு நன்றாகக் கேட்கிறது என்று அந்த நாளில் ஒரு பேச்சு எல்லா ஊரிலும் அடிபட்டது. குரோமியம் தானாகக் கதவைத் திறக்காது. இன்சுலின் இல்லாவிட்டால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதைச் சோதிக்க டீச்சர் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குக் குரோமியம் அறவே இல்லாத தீனி. இன்னொரு கூட்டத்துக்கு அதே தீனி, ஆனால் குடிக்கிற தண்ணீரில் துளி குரோமிய உப்பு. சில வாரம் கழித்து எலியின் விலாவுக்குக் கீழே மூச்சுக்காக அசைகிற மெல்லிய தசையை எடுத்து, இன்சுலின் கலந்த சர்க்கரைத் தண்ணீரில் போட்டு, உடம்புச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் மெல்ல ஆட்ட வேண்டும். பிறகு குடுவையில் எவ்வளவு சர்க்கரை பாக்கி என்று பார்த்தால் தசை எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும்.

இம்மி என்றேன் அல்லவா, அந்த இம்மிதான் தொந்தரவு. எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. கூண்டை எலி நக்கினால் போதும், ஆராய்ச்சி பாழ். அதனால் கூண்டுகளைத் தூக்கிவிட்டு, சாலைக் கடைத்தெருவிலிருந்து பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி வந்தோம். தீனிக்குப் பீங்கான் கிண்ணம். எலிகளைப் பார்த்துக்கொண்டவர் செல்லையன், மார்த்தாண்டத்துக்காரர். ஐம்பது வயது, எலிகளிடம் மட்டும் நல்லபடியாகப் பேசுவார். அவர் தினமும் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எவர்சில்வர் தூக்கில் கொண்டுவருவார். அந்தத் தூக்கு எலி அறை வாசலைத் தாண்டக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். தூக்கை வெளியே மதில் மேல் வைத்துவிட்டுக் காக்காய்க்குக் காவல் இருந்துகொண்டே செல்லையன் சொன்னார்: "கொள்ளாம்! எலிக்கு வந்த வாழ்வப் பாத்தியளா சாமி!"

இப்படி முன்வாசலை எல்லாரும் சேர்ந்து இறுக்கிப் பூட்டினோம். பின்வாசலை நான் திறந்து வைத்தேன்.

இரண்டு கூட்டத்துக்கும் குடுவைகள் தனித்தனியாக இருக்கட்டும் என்று மட்டும்தான் டீச்சர் சொல்லியிருந்தார். குரோமியம் இல்லாத எலிகளின் குடுவைக்கு அடியில் நீலப் பொட்டு வைத்தேன். குரோமியம் குடித்த எலிகளின் குடுவைக்குச் சிவப்புப் பொட்டு. அதுவரை சரி. அப்புறம் கரமனை மூளை வேலை செய்தது. எங்கள் ஆத்தில் சாதம் வைத்த பாத்திரம் பத்து, எச்சில் மாதிரி ஒரு தீட்டு. அதைத் தொட்ட கையை அலம்பாமல் மோர்ப் பாத்திரத்தைத் தொட்டால் அன்றைக்கு ரகளை. அந்தக் கணக்குப்படி நீலக் குடுவைகள் சுத்தமானவை, குரோமியமே அறியாதவை. சோப்பும் டிஸ்டில்டு வாட்டரும் போதும், எதற்கு முரட்டு ஆசிட்? சிவப்புக் குடுவைகளோ குரோமியம் பட்டவை, பத்து. லேசில் விடக் கூடாது. ஒரு முழு நாள் குரோமிக் ஆசிட்டில் ஊறப்போட்டு, எடுத்து, மறுபடி ஊறப்போட்டு, அதற்குப் பிறகு பன்னிரண்டு தண்ணீர் அலம்பினேன்.

ஆமாம். குரோமியம் பட்ட பாத்திரத்திலிருந்து குரோமியத்தைப் போக்க அதைக் குரோமியத்தில் முக்கினேன். சிரியுங்கள், சிரியுங்கள். அப்போது சிரிக்க ஆளில்லாமல் போய்விட்டது, அதுதான் கஷ்டம். கண்ணாடி அந்த உலோகத்தை அப்படிப் பிடித்துக்கொள்ளும், பன்னிரண்டு தண்ணீருக்கெல்லாம் விடாது. எப்படிக் கழுவுகிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. டீச்சரின் நோட்டில் "குடுவைகள் கழுவப்பட்டன" என்று இரண்டே சொல். பாத்திரம் தேய்க்கிற விஷயத்தை யார் விலாவாரியாக எழுதுவார்கள்?

ரிசல்ட்டோ பிரமாதம்! நீலக் குடுவையில் தசை சர்க்கரையை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. சிவப்புக் குடுவையில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இழுத்துத் தள்ளியது. வித்தியாசம் பொன்முடி மலை உயரம். வாராவாரம் அதே கதை. எங்கள் டிபார்ட்மெண்டுத் தலைவரை எல்லாரும் புரொபஸர் என்போம். அவர் குதிக்காத குறை. வடக்கே நடக்கப்போகிற மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினார், ஸ்லைடு எல்லாம் தயார். "எடோ மணி, தன்றெ கையாக்கும் கை!" என்று என் கையை மெச்சி முதுகில் ஒரு போடு போட்டார். அன்றைக்குக் கரமனைக்கு பஸ்ஸில் போனேனா பறந்து போனேனா தெரியாது.

ஜனவரி கடைசியில் ஒருநாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கேயோ பைப் உடைந்துவிட்டதாம். முதல்நாள் உபயோகித்த நீலக் குடுவைகள் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. சிவப்பில் மட்டும் ஒரு செட் கழுவிக் காயவைத்தது உபரியாக இருந்தது. எலிகள் தயார், டீச்சர் தயார். இதைவிடச் சுத்தமான பாத்திரம் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்து, எல்லா எலிக்கும் சிவப்பையே எடுத்துக் கொடுத்தேன். டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்றைக்குக் குரோமியத்தைக் கண்டே அறியாத எலிகளின் தசையும் மற்றதற்குச் சமமாகச் சர்க்கரையைத் தின்றுவிட்டது.

"மணியண்ணா, இது என்னாக்கும் இப்படி?" என்றார் டீச்சர். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார். மாறவில்லை. புரொபஸர் வந்தார், பார்த்தார், நேரே எலி அறைக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"செல்லையா, நீ எலிக்கு மீன்கறி கொடுத்தாயோ? அந்தத் தூக்கை உள்ளே கொண்டு வந்தாயோ?"

செல்லையனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நான் எதுக்கு சாறே எலிக்குக் குடுக்கேன்? எனக்கே தெகயாது. இதுகளப் பிள்ளைய மாதிரி நோக்குதேன், நான் இதுகளக் கெடுப்பனா?"

"பின்னே எலி தானே போய்க் குரோமியம் வாங்கிக்கொண்டு வந்ததோ?" என்றார் புரொபஸர். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "நாலு மாசமாக ஒழுங்காக வந்த ரிசல்ட். ஒரு நாள் மோசமானால் அந்த நாளைக் களைய வேண்டியதுதான். இவனைத் தோட்டத்து வேலைக்கு மாற்ற நான் மெமோ எழுதுகிறேன். மார்ச் வருகிறது, எழுத உட்காருங்கள்."

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மேஜைக்குத் திரும்பி வந்தால் வரிசையாகக் கவிழ்த்து வைத்த குடுவைகள், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. அன்றைக்கு மாறியது எலி இல்லை, தீனி இல்லை, செல்லையன் இல்லை. மாறியது பாத்திரம் ஒன்றுதான். அண்ணாந்து பார்த்தேன். அலமாரியில் என் ஜாடி, அதன் மேல் என் கையெழுத்தில் கொட்டை எழுத்து.

வாயைத் திறந்தேனா? இல்லை. உங்களிடம் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்து பேசுகிறேனே, அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் டீச்சரின் தீசிஸ் போச்சு, புரொபஸரின் ஸ்லைடு போச்சு. அதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள நல்ல காரணங்கள். உள்ளே இருந்தது வேறு. ஊரெல்லாம் கடன் வாங்கிப் போகிற மணி ஸ்வாமியின் குடுவைதான் அழுக்கு என்று நானே எப்படிச் சொல்வது? இரண்டு நாள் கரமனை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் நான் ஏதோ ஜபம் பண்ணுகிறேன் என்று மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலை டீச்சர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாள் பக்கத்தை அடிக்க வேண்டும். பேனா அந்தரத்தில் நின்றது.

"மனசு வரல்லே மணியண்ணா. செல்லையன் பண்ணியிருக்க மாட்டார். ஆனா வேற என்னன்னு எனக்குப் புரியல்லே. அடிச்சுட்டாப் பாக்கியெல்லாம் ஒழுங்கா இருக்கு, அல்லே?"

ஒரு கோடு. அதைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. மார்ச்சில் தீசிஸ், ஏப்ரலில் குழந்தையிடம் போய்விடலாம்.

"அடிக்காதேங்கோ டீச்சர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அபத்தம் என்னோடது."

நீலக் குடுவை ஒன்றும் சிவப்புக் குடுவை ஒன்றும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிவப்பை மட்டும் எதுக்காக ரெண்டு தடவை ஆசிட்ல போட்டேள்?"

"அது குரோமியம் பட்டதோன்னோ டீச்சர். பத்து."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவரும் அக்ரஹாரத்துப் பெண், விளக்கம் தேவையில்லை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். "பத்து! ஈஸ்வரா, பத்தாம்!" நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

ஐந்து நிமிஷம் இருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரிலிருந்த குழந்தையின் கார்டைப் பிரித்து எடுத்து டிராயருக்குள் வைத்தார். "இது என்னைப் பாத்துண்டிருந்தா எனக்குத் தைரியம் வராதாக்கும்" என்றார். "இப்போ கேளுங்கோ. நீங்க சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும். பொட்டு மேலே காகிதம் ஒட்டிடுங்கோ. எந்த எலிக்கு எந்தக் குடுவைன்னு கலந்து வையுங்கோ. எனக்குச் சொல்லப்படாது. தனியா எழுதிப் பூட்டி வையுங்கோ."

மூன்று நாள் அப்படியே செய்தோம். டீச்சர் எண்களை மட்டும் எழுதினார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் காகிதங்களைப் பிரித்தேன். எந்த எலியாக இருந்தாலும் சரி, சிவப்புக் குடுவையில் விழுந்தது பந்தியில் சாப்பிட்டிருந்தது. நீலத்தில் விழுந்தது பெரும்பாலும் பட்டினி. பொன்முடியைக் கட்டியது குரோமியம் குடித்த எலி இல்லை. நான்.

புரொபஸர் அறைக்கு டீச்சர் தனியாகப் போகப் பார்த்தார். "கழுவினது நான் டீச்சர்" என்று நானும் கூடப் போனேன். கேட்டு முடித்ததும் புரொபஸர் கையிலிருந்த சாக்பீஸை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். நல்லவேளை, பேப்பர்வெயிட் எட்டவில்லை.

"மாநாட்டில் எழுந்து நின்று நான் என்ன சொல்வது? மணிப் பட்டர் பாத்திரம் தேய்த்ததில் பிழை என்றா?"

"அதையே சொல்லலாம் ஸார்" என்றார் டீச்சர். குரல் நடுங்கியது, ஆனால் வாக்கியம் நடுங்கவில்லை. "இல்லாட்டா கட்டுரையை வாபஸ் வாங்கிக்கலாம். தெரிஞ்சுண்டே என் பேரை அதுல போட என்னால முடியாது."

மறுநாள் புரொபஸர் தானே வந்து, செல்லையனின் மெமோவைக் கிழித்துவிட்டேன் என்றார். மாநாட்டுக்குக் கடிதம் போய்விட்டது என்றார். "எத்தனை வாரம் இருக்கிறது?" என்று கேட்டார்.

"எட்டு" என்றார் டீச்சர்.

இப்போது பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். தப்பு எங்கே என்று தேடும்போது எல்லாரும் அடுத்தவன் தூக்கைத்தான் திறந்து பார்ப்பார்கள். உங்களுக்கு எந்த வேலையில் கர்வமோ அதை முதலில் போய்ப் பாருங்கள். யாரும் சந்தேகப்படாத இடம் அதுதான், நீங்கள் உட்பட. அப்புறம், "கழுவப்பட்டன" என்று எழுதாதீர்கள். எதில், எத்தனை தடவை, யார் என்று எழுதுங்கள்.

அடுத்த கூட்டம் எலிகள் முன்னமேயே தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்ததால் பிழைத்தோம். குரோமிக் ஆசிட் ஜாடியைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். நைட்ரிக் ஆசிட்டைத் தண்ணீராக விளாவி அதில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழுவினேன். பொட்டு கிடையாது, பத்து கிடையாது. முடிந்த இடத்தில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். எல்லாம் சரி என்று முதல் எலியை மேஜைமேல் வைத்து டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார்.

வாசலில் நின்ற செல்லையன் தொண்டையைக் கனைத்தார். "சாமி, ஒரு காரியம் கேக்கட்டா? அந்தக் கத்திரி எவர்சில்வர் தானே? எனக்க தூக்க மட்டும் எதுக்கு வெளிய வெச்சிய?"

டீச்சரின் கை அப்படியே நின்றது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதமாகத் தசையை நறுக்கியது அந்தக் கத்தரிக்கோல்தான். அது இரண்டு கூட்டத்துக்கும் சமமாகக் குரோமியத்தைப் பூசியிருக்கும் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

"அப்போ எதால நறுக்கறது?" என்றார் டீச்சர்.

"துருப் பிடிக்கிய இரும்புல குரோமியம் கிடையாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னிய? சவரக்கத்தி துருப் பிடிக்கும்" என்றார் செல்லையன்.

அன்று சாயங்காலம் கரமனை ஜங்ஷன் சலூனில் போய்ப் பழைய சவரக்கத்தி ஒன்று கேட்டேன். "ஸ்வாமி தானே ஷேவ் பண்ணிக்கப் போறீங்களா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று சலூன்காரர் கலங்கிவிட்டார். எலிக்கு என்று சொன்னதும் இன்னும் கலங்கினார். கத்தியோடு வீட்டுக்கு வந்தால் ஆத்துக்காரி வாசற்படியிலேயே மறித்துவிட்டாள். "அதைக் கையில வெச்சுண்டு உள்ளே காலை வெச்சேளோ, பாத்துக்குங்கோ!" அன்று ராத்திரி காகிதத்தில் சுற்றிய சவரக்கத்தி கொல்லைப்புறத்து மதில் மேல் தூங்கியது. மறுநாள் இதைச் சொன்னபோது செல்லையன் மீன்குழம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உமக்கும் மதிலு தானா சாமி!"

எட்டு வாரம் நாங்கள் நாயாக உழைத்தோம். கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வித்தியாசம் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். பொன்முடி கரைந்து கனகக்குன்று ஆகியிருந்தது. மியூசியத்துக்கு எதிரே மூச்சு வாங்காமல் ஏறிவிடலாமே, அந்த மேடு. டீச்சர் அதை அப்படியே எழுதினார், ஒரு மயிரிழை கூட்டவில்லை. கூடவே குடுவைகளைப் பற்றி ஒரு தனி அத்தியாயம். அதில் என் பத்து விவகாரமும் நாகரிகமான பாஷையில் இடம்பெற்றது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் தீசிஸ் போய்ச் சேர்ந்தது. புரொபஸர் மட்டும் பெருமூச்சு விட்டார். "மலையைக் காட்டினால் பட்டம் கொடுப்பார்கள். மேட்டைக் காட்டினால்?"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. தீசிஸைப் பார்க்க நியமிக்கப்பட்ட பரீட்சகர் வெளியூர்க்காரர், இதே ஆராய்ச்சியில் பெரிய பெயர். தன் எலிகளில் பெரிய வித்தியாசம் கண்டதாக அவரே எழுதியிருந்தார். அவருக்கு முன்னால் போய், மலை என்பது பாத்திரம் தேய்த்த குற்றம் என்று சொன்னால் மனுஷன் சும்மா இருப்பாரா?

வாய்மொழிப் பரீட்சைக்கு டீச்சர் பாலக்காட்டிலிருந்து குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை எலி அறை வாசலில் செல்லையனிடம் விட்டுவிட்டு உள்ளே போனார். நான் வராந்தாவில் நடந்தேன். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. கதவு திறந்து பியூன் தலையை நீட்டினார். "ஸ்வாமியை விளிக்கிறார்கள்."

உள்ளே போனேன், இதே சட்டையோடு. பரீட்சகர் குடுவை அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தார். புரொபஸர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவினது நீங்கதானா?" என்று கேட்டார் பரீட்சகர்.

"ஆமாம் ஸார்."

"குரோமிக்ல முக்கி எடுத்தப்புறம் எத்தனை தண்ணி?"

"பன்னண்டு ஸார். எல்லாம் டிஸ்டில்டு."

"பன்னண்டு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பன்னண்டுக்கு அப்புறமும் போகலையா?"

"போகலை ஸார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், தீசிஸைப் பார்த்தார், என் சட்டை ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்க லேப்ல மூணு தண்ணிதான்" என்றார்.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு டீச்சரிடம், "டாக்டர், அந்த நைட்ரிக் ஆசிட் விவரம் எனக்கு ஒரு காப்பி வேணும்" என்றார். முதல்முதலாக டீச்சரை டாக்டர் என்று கூப்பிட்டது அவர்தான். குரோமியம் உடம்புக்கு அவசியமா என்றே இன்றைக்கு வழக்கு நடக்கிறது, உங்களுக்குத் தெரியும். தீர்ப்பு எப்படி வந்தாலும் டீச்சரின் அத்தியாயத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டியதில்லை. எனக்கு அதில் இப்போதும் சந்தோஷம்.

நாங்கள் எலி அறைப் பக்கம் ஓடினோம். காலித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் குழந்தை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. டீச்சர் அதை வாரித் தூக்கிக்கொண்டார்.

"எலியெல்லாம் தீர்ந்துதாம்மா?" என்று கேட்டது குழந்தை.

"தீர்ந்துது கண்ணே. தீர்ந்துது."

குழந்தை யோசித்தது. செல்லையனைத் திரும்பிப் பார்த்தது. "அப்போ இந்த மாமா இனிமே என்ன பண்ணுவா?"

செல்லையன் மதிலை நோக்கி நடந்தார். தன் எவர்சில்வர் தூக்கை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"இனி நான் உள்ள இருந்து சோறு தின்னுவேன் மக்களே" என்றார் குழந்தையிடம்.